ரேடியோ அக்காவின் அல்ஜீப்ரா

சிங்கப்பூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு வார்த்தையைக்கூட மனதுக்குள் நினைக்கத் தெரியாத ஆள் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ரேடியோ அக்கா. நமக்கெல்லாம் யோசனை முதலில் வரும், பேச்சு பிறகு வரும். அக்காவுக்குப் பேச ஆரம்பித்தால்தான் யோசனையே வரும்.

ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் லாரி கம்பெனி. நான் பில் போடுகிறவன். அக்காவுக்கு டிஸ்பாட்ச் வேலை. எந்த லாரி எங்கே போக வேண்டும், எந்த டிரைவர் எந்த ஜாமில் மாட்டியிருக்கிறார் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. முன்பு டிரைவர்களோடு வாக்கி டாக்கியில் பேசிப் பேசி ‘ரேடியோ’ என்று பெயர் வந்ததாம். எங்கள் முதலாளி ஹமீது பாய்க்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. “ரேடியோன்னா அணைக்கலாம்லா” என்பார்.

ஈமெயில் அடிக்கும்போதுகூட அக்காவுக்கு வாய் ஓயாது. “டியர் மிஸ்டர் டான்... டியராவது ஒண்ணாவது, நேத்து போன்ல என்ன கத்து கத்தினான் மனுசன்... வீ ஆர் வெரி சாரி... எதுக்கு வெரி? சாரியே அதிகம்!” ஒரு நாள் அந்த மிஸ்டர் டான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது. ‘வெரி சாரி’ மட்டும் காதில் விழுந்து சமாதானமாகிப் போய்விட்டார். கீழே கடையில் குழாய் வாங்க வருகிறவர்களுக்குக்கூட எங்களுடைய எந்த லாரி ஜூரோங்கில் பஞ்சராகி நிற்கிறது என்பது தெரியும்.

இப்படிப்பட்ட அக்கா ஒரு திங்கட்கிழமை காலை, பையை மேசையில் வைத்த கையோடு, “நான் டிகிரி படிக்கப் போறேன்” என்றார்.

அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மகன் வேலைக்குப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. டிஸ்பாட்சில் அவருக்கு மேலே இன்னொரு பதவியும் கிடையாது.

“இப்ப எதுக்குக்கா டிகிரி?” என்றேன்.

“எனக்கு வேணும்.”

ரேடியோ அக்கா இரண்டே வார்த்தையில் பதில் சொன்னதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். பயமாக இருந்தது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாகச் சரக்குப் போக்குவரத்துப் படிப்பு. இடம் தருகிறோம், ஆனால் அதற்கு முன் கல்லூரி அறிமுக அல்ஜீப்ரா பாடத்தை ஆன்லைனில் படித்துத் தேற வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அல்ஜீப்ரா என்றால் என்ன என்று அக்கா என்னைக் கேட்டார். எண்ணுக்குப் பதிலாக எழுத்தைப் போட்டுக் கணக்குச் செய்வது என்றேன். “எழுத்துக்கு எழுத்து இருக்கு, எண்ணுக்கு எண் இருக்கு. எதுக்கு இந்தக் குழப்படி?” என்று கேட்டுக்கொண்டே பெயரைப் பதிவு செய்துவிட்டார்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆபீஸ் கல்லூரியானது. பாடம் எல்லாம் பதிவு செய்த வீடியோ. அதில் வரும் வாத்தியார் முன்பே பேசி முடித்துவிட்டுப் போனவர் என்பதை அக்காவால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

“சார், கொஞ்சம் நில்லுங்க. அந்த நாலு எங்கேருந்து வந்துச்சு?”

வாத்தியார் நிற்கவில்லை. சிரித்த முகத்தோடு, “காட் இட்?” என்றார்.

“இல்ல சார்.”

“கிரேட்!” என்றார் வாத்தியார்.

“என்ன கிரேட்டு? இல்லன்னு சொல்றேன்ல!”

ஹமீது பாய் தம் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அந்த ஆள் பாவம்மா, விட்டுரு” என்றார்.

எக்ஸ் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. பிடிபட்ட அன்று ஆபீஸே அதிர்ந்தது. “தம்பி, எக்ஸுன்னா வேற ஒண்ணுமில்ல. காலையில கிளம்பின லாரி. இருக்குறது நிச்சயம், எங்க இருக்குன்னுதான் தெரியல!” அதன் பிறகு அவர் சமன்பாடுகளில் எக்ஸை, டிரைவரைத் தேடும் குரலிலேயே தேட ஆரம்பித்தார். ஆனால் மைனஸை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை. “மைனஸும் மைனஸும் பெருக்கினா பிளஸ்ஸாம். ரெண்டு டிரைவர் லீவு போட்டா ஒருத்தன் வேலைக்கு வந்துருவானா?” அக்கா கேள்வியைக் கைவிடாமலே விதியைப் பின்பற்றினார்.

முதல் குறுந்தேர்வில் தோல்வி. இரண்டாவதிலும் அப்படியே. தப்பாகப் போன கணக்கை எல்லாம் எழுந்து நின்று மறுபடி போடுவார். உட்கார்ந்து போட்டதால்தான் தப்பாம். எம்ஆர்டி ரயிலில் போகும்போதும் போனைப் பார்த்துச் சத்தமாகப் போடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல எழுந்து போய்விடுவார்கள். எள் போட இடமில்லாத நேரத்திலும் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து வந்தது இப்படித்தான். மூன்றாவது குறுந்தேர்வில் தேறினார். அதற்கடுத்ததிலும் தேறினார்.

இறுதித் தேர்வும் ஆன்லைன்தான். அக்கா ஒரு சனிக்கிழமை மதியம், ஆளில்லாத எங்கள் மீட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்து எழுதினார். கேமரா வழியாகவும் மைக் வழியாகவும் ஒரு மென்பொருள் அவரைக் கண்காணித்தது. திங்கட்கிழமை வந்ததும், “நல்லாப் போட்டிருக்கேன் தம்பி. அந்த மிஷின்தான் சும்மா சும்மா திரையைப் பாரு திரையைப் பாருன்னுச்சு. உன்னைப் பார்த்தா விடை வருமான்னு கேட்டேன், அப்புறம் அதுவும் அடங்கிருச்சு” என்றார்.

அது அடங்கவில்லை. போட்டுக்கொடுத்திருக்கிறது. அந்த வாரமே ஈமெயில் வந்தது. தேர்வறையில் இரண்டாவது நபரின் குரல் கேட்டதால் தேர்வு செல்லாது. விளக்கம் சொல்ல விரும்பினால் விசாரணைக் குழுவின் முன் வரலாம். அக்கா அதையும் சத்தமாகத்தான் படித்தார். ஆனால் பாதியில் குரல் தேய்ந்துபோய், கடைசி வரியை நான் படித்தேன்.

விசாரணையும் ஆன்லைனில்தான். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றதால் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அக்கா பேச வேண்டாத நேரத்தில் மைக்கை அணைத்துவைப்பது என் வேலை. திரையில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா, அவர்தான் தலைவர். அவருக்குப் பக்கத்தில் கணினி ஆள் ஒருவர். இன்னொரு கட்டத்தில் தமிழ் தெரிந்த ஒரு விரிவுரையாளர். தலைவர் அக்காவின் முழுப்பெயரைச் சொல்லி அழைத்தபோது, யார் வந்திருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

பதிவை ஓடவிட்டார்கள். மீட்டிங் அறையிலிருந்து லாரி டிரைவரை அதட்டும் கட்டைக் குரல் ஒன்று கேட்டது.

“ஏழு பேர் எக்ஸோட ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. என்ன பண்ணப் போற?”

உடனே மெல்லிய குரல் ஒன்று: “ஏழைக் கழிப்பேன்.”

“ரெண்டு பக்கமுமா?”

“பின்னே? ஒரு பக்கம் மட்டும் கழிச்சா அந்தப் பக்கத்துக்காரன் சும்மா இருப்பானா?”

“அப்ப மூணு எக்ஸ் எவ்வளவு?”

“பதினஞ்சு.”

“ஏ கழுதை, அப்ப ஒரு எக்ஸ் அஞ்சுதானே! மைனஸ் அஞ்சுன்னு யாரு எழுதச் சொன்னா?”

விரிவுரையாளர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு ஒருவழியாகச் சமாளித்து ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தார். தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “கழுதை என்று அழைக்கப்படுபவர் யார்?” என்று கேட்டார்.

நான் மைக்கைத் திறந்தேன்.

“நான்தான் மேடம்” என்றார் அக்கா, ஆங்கிலத்தில்.

“அப்படி அழைப்பவர்?”

“அதுவும் நான்தான் மேடம்.”

கணினி ஆளுக்கு நம்பிக்கை இல்லை. ஒரு புதுக் கணக்கைத் திரையில் போட்டு, இப்போதே செய்துகாட்டச் சொன்னார். அக்கா இரண்டு குரலிலும் தம்மோடு தாமே மல்லுக்கட்டி, நடுவில் இரண்டு தடவை தம்மையே திட்டி, விடையைச் சொன்னார். விடை சரி. குழுவினர் தங்களுக்குள் கலந்து பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள். இன்னொருவர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தேர்வில் பேசக் கூடாது என்பது விதி. எனவே மறுதேர்வு எழுதலாம், வாய் திறக்காமல். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டர் கடிதம் வேண்டும்.

கேட்ட உடனே ஹமீது பாய் உற்சாகமாகிவிட்டார். “நம்ம தேக்கா மார்க்கெட் பக்கத்து டாக்டர் இருக்காருல்ல, உன்னை ரொம்ப நாளாத் தெரியும். உனக்கு இப்படி ஒரு பிரச்சனைன்னு எழுதித் தருவாரு. முடிஞ்சுபோச்சு.”

“வேணாம் பாய்.”

“ஏம்மா? அவங்களே குடுக்குற சலுகைதானே?”

“தேவைப்படுறவங்க வாங்கட்டும், அது வேற. எனக்கு என்ன வியாதி? ஸ்கூல்ல பேசுறேன் பேசுறேன்னு வெளிய நிக்க வெப்பாங்க. செகண்டரி கணக்கெல்லாம் நான் காரிடார்லதான் படிச்சேன். முட்டாள் போலிருக்குன்னு நானே நம்பிட்டேன். இந்த வயசுல வந்து பேசுறது வியாதின்னு கையெழுத்து வாங்கணுமா? பேசாம எழுதணும், அவ்வளவுதானே? எழுதிக் காட்டுறேன்.”

ஹமீது பாய் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பயிற்சி ஆரம்பமானது. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அக்கா மௌனம். முதல் நாள், டிரைவர் ஆ ஹோக் போன் செய்தார். அக்கா எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடியபடி என்னைப் பார்த்தார். எதிர்முனையில் ஆ ஹோக் பதறிப்போனார். “ஹலோ? ஆன்ட்டி? ஆன்ட்டி ஓகே ஆ?” அரை மணி நேரத்தில் லாரியைத் திருப்பிக்கொண்டு, தொண்டைக்கு நல்லது என்று மூலிகைக் கஷாயப் பாக்கெட்டோடு மேலே ஏறி வந்துவிட்டார். கீழ்க்கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். சத்தம் நின்றதும் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தாராம்.

சும்மா வாயை மூடினால் சரிப்படவில்லை. மூளையும் கூடவே மூடிக்கொண்டது. வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு போட்டுப் பார்த்தார். இரண்டு மைனஸ் அடுத்தடுத்து வந்த கணக்கில் ஆத்திரம் தாங்காமல் தண்ணீர் முழுவதும் என் கீபோர்டில் விழுந்தது. அன்று சாயங்காலம் அக்கா கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். “எனக்கு உள்ளுக்குள்ள பேச வரல தம்பி. உள்ள போனா அங்க யாருமே இல்ல.”

“உள்ள வேணாம்க்கா. பேசுறதை அப்படியே எழுதிப் பாருங்களேன்” என்று எதையோ சொல்லிவைத்தேன். தேர்வில் அழித்து எழுதும் வெள்ளைப் பலகை ஒன்றுக்கு அனுமதி இருந்தது. மறுநாளே ஒன்றை வாங்கி வந்துவிட்டார். கணக்கை ஒரு ஓரமாகப் போட்டுவிட்டு, மீதி இடத்தில் தமக்கும் தமக்குமான சண்டையைத் தமிழில் எழுத ஆரம்பித்தார். ‘எங்கடி போற?’ ‘ஏன் பெருக்கற?’ ‘பார்த்துப் போ.’ கோபம் வந்தால் எழுத்து பெரிதாகும். ரொம்பக் கோபம் வந்தால் அடிக்கோடு. முதல் சில நாள் கை வலியில் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். விடவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு முழு மாதிரித் தேர்வை ஒரு ‘உஸ்’ கூட இல்லாமல் முடித்தபோது நாங்கள் கைதட்டினோம்.

மறுதேர்வும் சனிக்கிழமைதான். அன்று லீவு. நானும் ஹமீது பாயும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கேமராவில் விழாமல் நின்றோம். ஏன் வந்தோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. உள்ளே அக்காவின் புருவம் ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, பேனா பலகையில் கிறீச்சிட்டது. உதடு மட்டும் அசையவில்லை. முடிந்ததும் பலகையைக் கேமராவுக்குக் காட்டி அழிக்கச் சொன்னார்கள். அழித்துவிட்டு வெளியே வந்தவர் வருத்தமாகச் சொன்னது இது: “இவ்வளவு சண்டை போட்டிருக்கேன், ஒரு ஆள்கூடப் படிக்கல.”

பாஸ். பிரமாதமான மதிப்பெண் இல்லை. விளிம்பில்தான் தொங்கியது. ஆனாலும் அக்கா போட்ட கத்தலில் கீழ்க்கடைக்காரர் மறுபடி ஓடி வந்தார். ஹமீது பாய் எல்லாருக்கும் தேக்காவிலிருந்து பிரியாணி வரவழைத்தார். அக்கா அன்று சாப்பிடவே இல்லை. அத்தனை நாள் பேசாமல் விட்டதை எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு கம்பெனி வளர்ந்து, டிஸ்பாட்ச் பிரிவு ஜூரோங்கிற்குப் போயிற்று. அக்காவும் போய்விட்டார். பில் போடுகிற நான் மட்டும் இன்னும் ஜாலான் புசாரில். டிகிரியில் இப்போது புள்ளியியல் ஓடுகிறது. சாயங்காலம் நான் ரயிலில் வீடு திரும்பும் நேரத்தில் போன் வரும். “தம்பி, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா கேளு” என்று ஆரம்பித்துவிடுவார். சராசரி என்கிறார், விலகல் என்கிறார், எனக்கு ஒன்றும் புரிவதில்லை. நேற்று நான் இறங்க வேண்டிய குவீன்ஸ்டவுன் நிலையம் வந்து கதவு திறந்தது. அக்கா இன்னும் விடையை நெருங்கவில்லை. கதவு மூடியது. போனைக் காதில் வைத்தபடி நான் உட்கார்ந்தே இருந்தேன்.