காளையின் தலையைப் பிடித்த கதை

கம்பெனியில் வேலை பார்ப்பவனை மாட்டின் தலைமாட்டில் உட்கார வைக்கவே கூடாது. இதை என்னைவிட உறுதியாகச் சொல்ல ஓசூர் வட்டாரத்தில் ஆள் கிடையாது.

எண்பதுகளில் நான் ஓசூரில் ஃபிட்டர். கல்யாணமான புதிது. குந்தாரப்பள்ளிப் பக்கத்து ஊரில் விவசாயம் பார்த்த என் மாமனார், "நட்டு முறுக்குற பையனுக்கா பொண்ணு குடுக்கறது?" என்று நிச்சயத்துக்கு முன்பே கேட்டவர். அவரிடம் ஒரு நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் லட்சியம். (புரமோஷன்கூட அப்புறம்தான்.)

ஒரு சந்தை நாளில் அவர் செவலைக் காளைக்கு லாடம் கட்டக் கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

"நாலு லாடம்தானே மாமா? சட்டுனு முடிஞ்சிடும்."

"எட்டுங்க மாப்ளே. குதிரைக்குத்தான் காலுக்கு ஒண்ணு. மாட்டுக்குக் குளம்பு பொளந்திருக்குதில்ல?"

முதல் மார்க் அங்கேயே போயிற்று.

சந்தையில் லாடக்காரர் காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டினார். தலையை ஒருவர் தரையோடு அழுத்திக்கொள்ள வேண்டும். தலையைத் தூக்க முடியாவிட்டால் மாடு எழுந்திருக்காதாம். "நான் பிடிக்கிறேன்" என்று முந்திக்கொண்டேன். மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டிகா பட்டுகோ சாமி!" என்று தெலுங்கில் அதட்டினார் லாடக்காரர். கொம்பைக் கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். அவர் குளம்பைச் செதுக்கி, லாடத்தைப் பொருத்தி, உள்சதையில் படாமல் ஆணியைச் சாய்த்து அடித்தார். மூன்று கால் முடிந்தது. மாமனார் என்னைப் பார்த்து, "பரவால்லியே" என்றார். எனக்கு ஜென்ம சாபல்யம்.

கடைசிக் காலுக்காக லாடக்காரர் கட்டைத் தளர்த்திய நேரம், ரோட்டோரத்து ஆலையில் மதியச் சங்கு ஊதியது.

சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு கேன்டீனுக்கு ஓட வேண்டும். பிந்தினால் சாம்பாரில் முருங்கைக்காய் மிஞ்சாது. வருஷக்கணக்காக உடம்பில் ஊறிய பழக்கம். கொம்பை விட்டேன். எழுந்தேன். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

பின்னாலேயே காளையும் எழுந்தது. ஆணிப்பெட்டியை உதைத்துத் தள்ளிவிட்டுத் தக்காளிக் கடைகளுக்குள் பாய்ந்தது. மாமனார் கயிற்றை விடவில்லை. சந்தையின் அந்தக் கோடி வரை தக்காளி மேலேயே இழுபட்டுப் போனார். வெள்ளை வேட்டி என்ன நிறமானது என்று நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டில் மாமியார் பதறிப்போய்க் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, மாப்ள டூட்டியில ரொம்பக் கரெக்ட்டு" என்றார் மாமனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் கைக்குழந்தை, பால் சொம்பு, ஏணி எதையும் என்னை நம்பி யாரும் கொடுத்ததில்லை.

பல வருஷம் கழித்து என் மகளின் கல்யாணம். அவள் கையை மாப்பிள்ளையின் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஐயர் மந்திரம் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருக்கிறார். எனக்கோ விட மனசே வரவில்லை. கண்ணும் தெரியவில்லை. அப்போது மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். என் தோளில் கையை வைத்து மெதுவாகச் சொன்னார்:

"இப்ப விடலாங்க மாப்ளே."