ஃபொலோ-அப் அண்ணையும் மோர்டன் மாஸ்டரும்

லண்டனில் குடிவரவு அதிகாரிகளின் கண்ணில் படாமல் பத்து வருடம் இருந்தவர்களை எனக்குத் தெரியும். ஃபொலோ-அப் அண்ணையின் கண்ணில் படாமல் பத்து நாள் இருந்தவர் ஒருவரும் இல்லை.

எண்பதுகளின் நடுவில், மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஓர் ஆஸ்பத்திரியின் இதய ஆராய்ச்சிப் பிரிவில் அண்ணையும் நானும் வேலை செய்தோம். துடிப்பைத் தணிக்கும் புதிய மாத்திரை ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகள் மாதாமாதம் திருப்பிக் கொண்டுவரும் போத்தலில் மிச்ச மாத்திரைகளை எண்ணுவது என் வேலை. வராதவர்களைத் தேடிப் பிடிக்கும் ‘ஃபொலோ-அப்’ அண்ணையின் வேலை; பெயரும் அதனால் வந்ததுதான். ஹவுன்ஸ்லோவில் ஒருவரைக் கலியாணப் பந்தியிலேயே பிடித்து, பாயாசத்துக்கும் மோருக்கும் இடையில் பிரஷர் பார்த்தவர் அவர்.

தெற்கு லண்டனில், மோர்டனில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் என் கணக்கில் உத்தமர். மற்றவர்களின் போத்தலில் நான்கோ ஒன்பதோ மிஞ்சும். மாஸ்டருடையது, நாளுக்கு இரண்டு வீதம் அறுபதும் தீர்ந்து, காலியாக வரும். அடுத்த முறை இரத்தம் எடுத்து உடம்பில் எவ்வளவு மருந்து இருக்கிறதென்று பார்ப்போம் என்றோம். அதோடு ஆளைக் காணவில்லை. மூன்று கடிதம், ஏழு தொலைபேசி அழைப்பு, பதில் இல்லை. பெயரை வெட்டிவிடுங்கள் என்றார் ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர். அண்ணை ஈசிஜி மெஷினைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

கதவைத் திறந்த மாஸ்டரின் மனைவி, அவர் வெளியே போய்விட்டதாகச் சொன்னார். மாஸ்டரின் சப்பாத்து இரண்டும் வாசலில் இருந்தன.

"பிரச்சினை இல்லை அக்கா. வருமட்டும் நிக்கிறன்."

மழை. அண்ணை குடையை மெஷினுக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நாற்பத்தேழு நிமிடம் நின்றார். எதிர்வீட்டு வெள்ளைக்காரி தேநீர் கொண்டுவந்து கொடுத்ததும் மாஸ்டருக்கு மானம் போயிற்று. மாடியிலிருந்து இறங்கி வந்து ஒப்புக்கொண்டார். காலை மாத்திரை அவருக்காம், மாலை மாத்திரை மனைவிக்காம்.

"நான் மட்டும் நல்ல மருந்தை எப்பிடித் தம்பி தின்னுறது? இவவுக்கும் நெஞ்சு நோவு."

பதினேழு மாதமாக எண்ணியது வீண் என்று நான் புலம்பினேன். அண்ணை என்னைக் கவனிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நிற்கும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சோபாவில் படுக்கவைத்து வயர்களை ஒட்டினார். மாஸ்டரும் நானும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம். துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்தாறுதான், இருக்க வேண்டியதில் பாதி. உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

மருந்தை நிறுத்தியதும் அக்கா தேறிவிட்டார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் எழும்பியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

பேராசிரியர் மாஸ்டரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார். அடுத்த மாதமும் அண்ணை மோர்டனுக்குப் புறப்பட்டார். பட்டியலில்தான் பெயர் இல்லையே என்றேன்.

"பட்டியலில வெட்டலாம். ஆளை வெட்ட ஏலாது."

இப்போது எனக்கும் இதயத்தில் கோளாறு. வெள்ளிக்கிழமைகளில் அண்ணை தொலைபேசியில் சுகம் கேட்பார். சில வாரம் நான் வேண்டுமென்றே எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் தான் இருக்கும் செவன் கிங்ஸிலிருந்து இரண்டு ரயில் மாறி நேரே வந்துவிடுவார்.