பெட்டியில் இருந்த நம்பர்

என் கணவர் ஜெஃப்ரியின் போனுக்குக் கைரேகை, முகம், ரகசிய எண் என்று வகைவகையாகப் பூட்டு. என் போனுக்கு ஒன்றுகூடக் கிடையாது. போட்டால் ஐயாவுக்குக் கோபம் வரும்.

"வீட்ல இருக்கறவளுக்கு எதுக்குடி லாக்? மறைக்க என்ன இருக்கு?"

பூட்டில்லாத அந்தப் போனைத்தான் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் எவனோ என் பையிலிருந்து உருவிவிட்டான். இடுப்பில் கைக்குழந்தை கெசியா. எங்கே துரத்துவது? ஊரப்பாக்கத்தில் வீடு வந்து சேரும்வரை ஒரே நினைப்புதான். போன் போகட்டும். கெசியா குளிக்கிற வீடியோ முழுக்க அதில் இருக்கிறதே! எவன் கண்ணில் படுமோ?

"போலீஸ்ல எழுதிக்கொடுத்தா போனையே முடக்கிடுவாங்களாம். கிளம்புங்க."

"சிம்மை நிறுத்தியாச்சுல்ல? விடு ஜோவி."

"அவன் வேற சிம் போடுவான்! பிள்ளை வீடியோங்க!"

"அதுக்கு பில்லு, பெட்டின்னு ஆயிரம் கேப்பான்."

"ரெண்டும் பீரோவுல இருக்கு. என் பிறந்தநாளுக்கு என் பேர்லதானே வாங்கினீங்க?"

அவர் முகம் வெளுத்தது. "பெட்டியா? அதெல்லாம் எதுக்கு இப்போ?"

பெற்ற பிள்ளையைவிட இவருக்குச் சோம்பல் பெரிதா? பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அவர் ஆபீஸ் கிளம்பியதும் கெசியாவைத் தூக்கிக்கொண்டு நானே போலீஸ் ஸ்டேஷன் போனேன். போனுக்குப் போன் மாறும் நீளமான நம்பர் ஒன்று பெட்டியில் அச்சாகியிருக்கும். அதைப் பதிந்துகொண்டார்கள். இனி எந்த சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் பேசாது.

அடுத்த நாள் சாயங்காலம் ஜெஃப்ரி அலறிக்கொண்டு வந்தார்.

"என் போன் செத்துப்போச்சு ஜோவி! கடைக்காரன் இதைத் திருட்டு போன்ங்கறான்!"

அந்தப் போனைப் பிடுங்கி நம்பரை எடுத்துப் பெட்டியோடு ஒப்பிட்டேன். ஒரே நம்பர்!

எல்லாம் விளங்கியது. எங்கள் இருவர் போனும் ஒரே மாடல், ஒரே கறுப்பு. என் 'புதுப் போன்' மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். "ஓயாம வீடியோ எடுக்கறே" என்பார். அவருடைய 'பழைய போன்' ராத்திரிவரை தாங்கும். "நான் மரியாதையா வச்சுக்கறேன்" என்பார்.

"மாத்திட்டீங்களா?"

"வீட்ல உனக்கு சார்ஜர் பக்கத்துலயே இருக்கேன்னு..."

"கடைக்காரன் சரியாத்தான் சொல்லிருக்கான். திருட்டு போன்தான். உங்க பழைய போன் பெட்டியை எடுங்க!"

பரண்மேல் ஏறித் தும்மிக்கொண்டே எடுத்தார். சரியான நம்பரைக் கொடுத்தோம். இரண்டே வாரத்தில் நாவலூரில் எவனோ புது சிம் போட்டு மாட்டினான். போலீஸிடமிருந்து வாங்கிப் பார்த்தால் போன் காலி. வீடியோ ஒன்றுகூட இல்லை. விற்பதற்கு முன்பே திருடன் எல்லாவற்றையும் துடைத்திருக்கிறான். நன்றாக இரு, ராசா!

அந்தப் போன் இப்போது ஜெஃப்ரியிடம். பில் என் பேரில் என்பதால் புதுப் போனின் முடக்கத்தை நானே எழுதிக்கொடுத்து நீக்கினேன். நானே வைத்துக்கொண்டேன். பூட்டும் போட்டேன்.

"மத்தியானமே சார்ஜ் தீருது ஜோவி. உன் போனைக் குடேன். லாக் நம்பர் என்ன?"

"சொல்ல மாட்டேன்."

"புருஷன்கிட்ட மறைக்க அப்படி என்னடி இருக்கு?"

"இந்தப் போன்தாங்க."