அப்பா பீடி குடிப்பதாகப் பெட்டி சொன்னது தொடர்பாக

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சுப்பராயலு மாமா அவர்களுக்கு,

கடலூர் முதுநகரிலிருந்து உங்கள் தங்கை மகள் இளமதி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். சிதம்பரத்தில் நீங்களும் அத்தையும் இளவரசியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா நலமா என்பதை மட்டும் நான் சொல்வதற்கில்லை. அதை உங்கள் பெட்டிதான் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் நீங்கள் நம்புவதில்லை.

போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். அப்பா கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. அம்மா கூப்பிட்டால், "எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க, ஆபீசுக்கு வேணும்" என்கிறீர்கள். அப்பாவுக்கு எழுத ரோஷம் தடுக்கிறது. அம்மாவுக்கு அண்ணன் என்றால் பயம். ஆகவே பத்தாம் வகுப்பு படிக்கும் நான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் செயற்கை நுண்ணறிவுக்கு எதிரி அல்ல. 'போக்குவரத்துத் துறையில் செயற்கை நுண்ணறிவு' என்ற கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள். 'மனிதன் தவறு செய்வான், எந்திரம் செய்யாது' என்று அதில் எழுதியிருந்தேன். தலைமையாசிரியர் அந்த வரியைப் பிரேயரில் வாசித்துக் காட்டினார். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன் டப்பாவில்தான் அப்பா டூட்டிக்குச் சாப்பாடு கொண்டு போனார். இப்போது அது சமையல் மேடையில் கவிழ்ந்து கிடக்கிறது.

அப்பா ஓட்டும் உங்கள் பஸ்சில் அந்தக் கேமராப் பெட்டியை மாட்டிய அன்று நானும் ஷெட்டில் இருந்தேன். டிரைவர் தூங்கினால், போன் பேசினால், புகை பிடித்தால் அதுவே பார்த்துச் சத்தமாகச் சொல்லும், முதலாளி போனுக்குப் படமும் அனுப்பும் என்று அதை விற்றவர் விளக்கினார். நீங்கள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நெஞ்சைத் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டீர்கள். அப்போது அதற்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. உங்கள் நல்ல நேரம்.

மறுநாள் அப்பா வண்டி எடுத்தார். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை சாலையோரம் எத்தனை சாமி என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் அதே ரூட்டில் ஓட்டி முதலாளி ஆனவர். அப்பா கோயில், தர்கா, மாதா கோயில் எதையும் விடுவதில்லை, எல்லாவற்றுக்கும் நெஞ்சு, உதடு. குடிகாட்டுப் பக்கம் மாரியம்மனுக்கு விரலை ஒற்றியதும் பெட்டி, "ஓட்டுநர் அவர்களே, புகைபிடித்தல் கண்டறியப்பட்டது, உடனே நிறுத்தவும்" என்றது. பெண் குரல், நல்ல தமிழ். அப்பா பின்னால் திரும்பி, "யாருய்யா பஸ்சுல பீடி குடிக்கிறது" என்று அதட்டினார். உடனே, "கவனச்சிதறல் கண்டறியப்பட்டது" என்றது. முன் சீட்டில் மீன்கூடையோடு இருந்த பட்டம்மாள் அக்கா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "எங்கூட நாத்தத்துல பீடி நாத்தம் எங்க தெரியுது, நீ குடிச்சா குடிச்சிட்டுப் போ தம்பி" என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் கண்டக்டர் ஆசிக் அண்ணன் சொல்லி எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே படங்கள் உங்கள் போனிலிருந்து அத்தை போனுக்கும் அங்கிருந்து அம்மா போனுக்கும் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் அப்பா உதட்டில் விரல் வைத்திருக்கிறார். தாத்தா, அதாவது உங்கள் அப்பா, பீடியால் இருமி இருமியே செத்தவர். பீடி குடிக்கிறவனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அம்மா அடம்பிடித்து, நீங்களே அப்பா ஊரான காடாம்புலியூர் போய் மூன்று பெட்டிக்கடையில் விசாரித்து, "பையன் பாக்குகூட வாங்கினதில்லியாம்" என்று வந்து சொன்ன பிறகுதான் கல்யாணம் நடந்ததாம். அந்த விசாரணையை நீங்களே மறந்துவிட்டீர்கள். அம்மா அப்பாவின் சட்டையை மோந்து பார்த்தார். "வாசன ஒண்ணும் இல்லியேம்மா" என்றேன். "அதான் சந்தேகமா இருக்குது. டீசல் வாசனகூட இல்ல. எங்கியோ அலசிப் போட்டுக்கினு வந்திருக்காரு" என்றார். "சாமி கும்பிட்டன்டி" என்றார் அப்பா. "சாமி கும்பிட்டா மெசினு ஏன் பொய் சொல்லுது? அதுக்கும் உங்களுக்கும் என்னா பங்காளிச் சண்டையா?" அப்பா, கட்டுரை எழுதிய என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டிபன் டப்பாவைத் தேய்க்கப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் அப்பா கையை எடுக்காமல் கண்ணை மட்டும் மூடித் திறந்தார். தூக்கம் கண்டறியப்பட்டது. தலையை மட்டும் குனிந்தார். ஆழ்ந்த தூக்கம். மனசுக்குள் கும்பிட்டதில் உதடு அசைந்துவிட்டது, கைப்பேசி உரையாடல். கடைசியில் ஆசிக் அண்ணனிடம், "தம்பி, எனக்குப் பதிலா நீ கும்பிட்டுடு" என்றார். "தர்காவுக்கு நான் சலாம் சொல்லிடறண்ணே. ஆத்தாளுக்கு நான் சொன்னா உங்க கணக்குல ஏறுமா" என்று அவர் யோசித்து, கோயில் வந்தால் விசில் ஊதுவதாகவும் அந்த விசிலையே கும்பிடாக வைத்துக்கொள்வதாகவும் பேசி முடித்தார்கள். விசில் கேட்டால் அப்பா கால் தானாகப் பிரேக்கில் போய்விடும். ஒவ்வொரு சாமியிடமும் வண்டி நின்றது. நின்ற இடத்திலெல்லாம் ஜனம் இறங்கியது. ஆலப்பாக்கம் போக வேண்டிய ஒருத்தர் வயல் நடுவில் ஐயனாரிடம் இறங்கி, ஓடி வந்து மறுபடி ஏறி, "யோவ், இது பஸ்சா, ஆன்மிகச் சுற்றுலாவா" என்று கேட்டாராம்.

பிறகு ஒரு நாள் அப்பா எதுவுமே செய்யாமல் கல்லு மாதிரி உட்கார்ந்து ஓட்டினார். பெட்டி வாயே திறக்கவில்லை. பட்டம்மாள் அக்கா திறந்தார். "ஆத்தாளத் தாண்டி வர்ற, கை எடுக்கல. எங்கூடைய எறக்கு, நான் அடுத்த வண்டில வரன்." அவர் பின்னாலேயே ஐந்தாறு பேர் இறங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களோடு அப்பா வண்டியை எடுத்தார். எப்படியோ சிதம்பரம் கொண்டுபோய்ச் சேர்த்து, ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, வழியில் விட்டுப்போன அத்தனை சாமிக்கும் சேர்த்து ஒரே மூச்சாகக் கும்பிட்டிருக்கிறார். என்ஜினை அணைக்க மறந்துவிட்டார், பெட்டி விழித்திருந்தது. 'தொடர் புகைபிடித்தல்' என்று உங்களுக்குச் சிவப்பு எழுத்தில் வந்ததே, மாமா, அது அதுதான். "மாப்ள, கொஞ்ச நாள் வூட்ல இருங்க" என்று நீங்கள் சொன்னது அன்றைக்குத்தான்.

இப்போது ஓட்டுகிற கதிரவன் அண்ணன் எந்தச் சாமிக்கும் கை எடுப்பதில்லை. கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு ஓட்டுகிறார். ஸ்கூல் போக ஸ்டாப்பில் நின்றபோது அவர் துப்பியது என் யூனிபார்மில் பட்டது, இன்னும் கறை போகவில்லை. பெட்டி அவருக்கு நூற்றுக்கு நூறு போடுவதாக இளவரசி பெருமையாகச் சொன்னாள்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு மாமா. ஒரு நாள் நீங்களே அந்த சீட்ல உக்காந்து தில்லைக் காளி கோயில் பக்கம் ஓட்டிக்கினு போங்க. கை எடுக்காம தாண்டிட்டீங்கன்னா அப்பா பீடி குடிக்கிறாருன்னு நானே ஒத்துக்கிறேன். இல்லைன்னா அவருக்கு வண்டியக் குடுத்துடுங்க. அம்மா அவருகிட்டப் பேசறதில்ல. அவரு சுவத்தப் பாத்தபடி உக்காந்திருக்காரு. டிவில சாமி வந்தாக்கூடக் கை எடுக்கறதில்ல, யாராவது பாத்துக்கினு இருக்காங்களோன்னு.

அத்தைக்கு என் வணக்கத்தையும் இளவரசிக்கு என் அன்பையும் சொல்லுங்கள். உங்கள் வண்டிகள் எல்லாம் ஒரு கீறல் படாமல் ஓட வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் கும்பிட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் பெட்டி இல்லாததால் கையெடுத்தே கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருமகள்
தி. இளமதி

பி.கு.: இதைப் போடக் கவர் வாங்கத் தெருமுனைக்குப் போனேன். கடைக்குப் பின்னால் அப்பா நின்றார். கையில் பீடி. என்னைப் பார்த்தும் மறைக்கவில்லை. "எல்லாரும் சொல்லியாச்சு, குடிச்சாத்தான் என்ன" என்றார். பழக்கம் இல்லாததால் இருமினார். இருமி முடித்து, கை தானாகப் போய் நெஞ்சைத் தொட்டுக்கொண்டது. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், என் கட்டுரைக்குக் கொடுத்த பரிசும் செல்லும். பெட்டி சொன்னது சரிதான் மாமா. தேதியைத்தான் கொஞ்சம் முன்கூட்டிப் போட்டுவிட்டது.