கை படாத அடி

"அஞ்சு திருடனுங்க, மாமா! ஒருத்தனக் கூட நான் தொடல. கைய ஓங்கி, கால ஒரு தட்டு தட்டி, 'ஏய்!'னேன். அஞ்சு பேரும் அறுத்துப் போட்ட நெல்லுக்கதிர் மாரி வுழுந்தானுங்க."

சொன்னவன் சினிமாவில் சண்டை போடும் 'இடிமுழக்கம்' கண்ணாயிரம். கேட்டுக்கொண்டிருந்தவர் மதுராந்தகம் ரைஸ்மில் அப்பாசாமி. கண்ணாயிரம் அவருடைய மனைவி வேண்டாவின் அண்ணன் மகன். மகள் அம்சாவைப் பெண் கேட்டு வந்திருந்தான்.

அப்பாசாமி எதையும் லேசில் நம்புகிறவரல்ல. நெல் மூட்டையில் குத்தூசியை விட்டு நாலு மணியை உருவி, கடித்துப் பார்த்த பிறகுதான் வாயையே திறப்பார். ஐம்பத்தாறாம் வருஷ மழையில் ஏரி நிரம்பி ஊரே கும்பிட்டபோது, இவர் மட்டும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்று பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்றார்.

"எங்க நடந்துச்சு?"

"கடப்பாக்கத்துல, சித்தப்பா வூட்டுல. மூஞ்சில துண்டு கட்டிகினு பூந்தானுங்க. ஊர்க்காரங்க ஓடியாந்து கட்டி, போலீசுல வுட்டாங்க."

"அன்னிக்கு ஊருல காத்து பலமோ?"

கதவுக்குப் பின்னாலிருந்து அம்சா வெடித்தாள். "எனக்கு அவருதான். இல்லன்னா எவனும் வேணாம்!"

"புளுகுறவனுக்குப் பொண்ணு கெடையாது," என்றார் அப்பாசாமி. "வெள்ளிக்கெழம தட்டு எடுத்துகினு வா. அதுக்குள்ள நான் விசாரிக்கிறேன்."

முதலில் கடப்பாக்கம் போனார். அங்கே கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: "நாங்க போறப்பவே அஞ்சு பேரும் மல்லாந்து கெடந்தானுங்க." ஒரு வாய் கூட மாறவில்லை. ஊர் மொத்தத்துக்கும் பயல் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம் முற்றிவிட்டது.

அடுத்து மாமல்லபுரம். கடற்கரையில் கண்ணாயிரம் சண்டை போடும் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. சவுக்கு மரத்தின் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தவரின் தோளில் ஒரு கை விழுந்தது. கம்பெனிக்குக் கூட்டத்து நடிகர்களைப் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் ஏசுபாதம்.

"பெரியவரே, கொள்ளைக்காரனுக்கு ஆளு பத்தல. ஒனக்கு மூஞ்சி அப்படியே அமைஞ்சி கீது. தாடி ஒட்டினா போதும்."

அப்பாசாமி யோசித்தார். தாடிக்குள் இருந்தால் பயலுக்கு அடையாளம் தெரியாது. அடி நிஜமா பொய்யா என்பதையும் பக்கத்திலிருந்தே பார்த்துவிடலாம். சரி என்றார்.

கண்ணாயிரம் கையை ஓங்கினான். காலைத் தட்டி "ஏய்!" என்றான். மற்ற கொள்ளைக்காரர்கள் விழுந்தார்கள். அப்பாசாமி மட்டும் பனைமரம் போல நின்றார்.

"கட்! யோவ் தாடி! ஏன் வுழல?" என்று டைரக்டர் கத்தினார்.

"என் மேல கையே படலியே! நான் எதுக்கு வுழணும்?"

"கை ஓங்கினா, கால் தட்டினா, வுழு! அதான் வேல!"

மறுமுறை, துண்டை உதறி மணலில் விரித்துவிட்டு அதன் மேல் பதவிசாக விழுந்தார். டைரக்டர் தொப்பியைக் கடித்தார். அதற்கடுத்த முறை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் விழலாம் என்று விசாரித்தார்.

கிளம்பிவிடலாம் என்றால் வேட்டி உடுப்புக்காரனின் பெட்டியில் கிடந்தது. தாடியோ, இழுத்தால் தாடையும் கூடவே வரும் போலிருந்தது. பெயரைச் சொல்லிக் கத்தினால் மில் ஆட்கள் வருஷம் முழுக்கச் சிரிப்பார்கள். வேறு வழியில்லாமல் விழுந்தார். வெயில் இறங்குகிறவரை விழுந்தார். மாமல்லபுரத்து மணலில் பாதி அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு மதுராந்தகம் வந்து சேர்ந்தது.

உடம்பெல்லாம் ரணம், ஆனால் மனம் குளிர்ந்திருந்தது. இவன் அடி ஒரு கொசுவின் மேல் கூடப் படாது! குட்டு வெளிப்பட்டுவிட்டது!

வெள்ளிக்கிழமை கண்ணாயிரம் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தான். தன் பெருமையை எடுத்துச் சொல்ல ஏசுபாதத்தையும் கூட்டி வந்திருந்தான். தினம் நூறு மூஞ்சியைப் பார்க்கிற ஏசுபாதத்துக்கு, தாடி இல்லாத அப்பாசாமியை அடையாளம் தெரியவில்லை. அப்பாசாமியும் அவன் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"இவன் அடி அத்தினியும் ஏமாத்து! இவன் கை ஓங்கினா எவனும் வுழ மாட்டான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் வேண்டா. "தாடையெல்லாம் ஏன் செவந்து கீது?"

"அது வந்து... தெரியும்! சம்பந்தமும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" தட்டைப் பிடுங்கித் தெருவில் வீசக் கையைத் தூக்கினார். அம்சா அலறினாள். கண்ணாயிரம் பதறிப்போய்க் கையை ஓங்கி, காலைத் தட்டி, "ஏய்!" என்றான்.

தொபுக்கடீர்!

அப்பாசாமி மல்லாந்து கிடந்தார். வெற்றிலை மழையாகக் கொட்டியது. அவரை யாரும் தொடவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடம் இருந்தது.

"தொடவே இல்லியே!" என்று வேண்டா வாயில் கை வைத்தாள்.

ஏசுபாதம் துள்ளி எழுந்தான். "இந்த வுழுகைய எங்கியோ பாத்தா மாரி கீதே... தாடிப் பெரியவரே! நீயா? இன்னா சுத்தம், இன்னா சுத்தம்! நாளைக்கே வந்துடு. முன்ன இதே மாரி வுழுந்துகினு இருந்த அஞ்சு பசங்களும், கடப்பாக்கத்துல வூடு பூந்து திருடப் போயி இப்ப ஜெயில்ல கீறானுங்க!"

ஓங்கிய கையைக் கண்ணாயிரம் மெல்ல இறக்கினான். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்பாசாமி நெற்றியில் ஒட்டியிருந்த வெற்றிலையை எடுத்தார். வழக்கம் போல அதையும் திருப்பிப் பார்த்தார்.

"நடந்ததுதான், மாப்ள," என்றார். "ஆனா அஞ்சு இல்ல. ஆறு."