பிரசங்கத்துக்கு விலாசம் எழுதுகிறவர்

ஆலயத்துக்கு வருகிறவர்களில் பல ரகம் உண்டு. முதல் பாட்டிலேயே கண்ணயர்ந்து கடைசி ஆமேனுக்குச் சரியாக விழித்துக்கொள்பவர் ஒரு ரகம். பாட்டுப் புத்தகத்தில் எண்ணைத் தேடித் தேடி, கண்டுபிடித்து நிமிரும்போது சபையே உட்கார்ந்திருக்க, தான் மட்டும் நின்றுகொண்டிருப்பவர் இன்னொரு ரகம். இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகத்தை. இவர் தூங்க மாட்டார், அசைய மாட்டார், பிரசங்கத்தில் ஒரு வார்த்தையைக்கூடக் கீழே சிந்த விடமாட்டார். அவ்வளவையும் கேட்டு, அவ்வளவையும் அடுத்தவர் பெயருக்கு அனுப்பிவிடுவார். தனக்கென்று ஒரு வரி வைத்துக்கொள்ளாத தாராள மனசு!

உங்கள் சபையில் அப்படி யாரும் இல்லையா? நன்றாகப் பாருங்கள். தூணோரம் இருப்பார்.

எங்கள் சபையில் அந்த இடத்தில் இருப்பவர் பெயின்ட் கடைக்காரர். நான் அவருக்கு நேர் பின் பெஞ்சு. ஆகவே ஞாயிறுதோறும் எனக்கு இரண்டு பிரசங்கம். போதகர் மேலிருந்து சொல்வது ஒன்று, கடைக்காரர் தன் மனைவியின் காதில் சொல்வது ஒன்று.

கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்து ஞாயிறுகளில் போதகர், ‘விழித்திருங்கள்’ என்று ஆரம்பித்ததுமே கடைக்காரரின் முழங்கை மனைவியின் விலாவைத் தேடிப் போகும்.

“கேட்டியா? இது நம்ம பொருளாளருக்கு. இப்பவும் தூங்குறார் பாரு.”

“மெதுவாப் பேசுங்க. அவர் முழிச்சுக்கிட்டுதான் இருக்கார். உங்களத்தான் மொறைக்கிறார்.”

கிறிஸ்துமஸ் அன்று, பிள்ளைத்தாய்ச்சிக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்காத கதையைச் சொல்லிப் போதகர் உருகினார். “கீழ் வீட்டுக்காரருக்கு நல்லா வேணும்!” என்றார் இவர். கீழ் வீட்டுக்காரர் செய்த பாவம், இவருடைய ஸ்கூட்டரை நிறுத்த இடம் கொடுக்காதது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் கைக்குழந்தையோடு இடம் தேடி வந்தாள். கடைக்காரரின் பெஞ்சில் அவருடைய குடையும் பையும் மடித்த மேல்சட்டையும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. அவள் என் பெஞ்சுக்கு வந்தாள்.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து என்கிற தவநாட்கள் வந்துவிட்டால் இந்த ரகத்துக்குக் கை ஓயாது. உபவாசம், தாழ்மை, நாவடக்கம், மனந்திரும்புதல் என்று வாரம் ஒரு சரக்கு இறங்க, அதைப் பட்டுவாடா செய்ய வேண்டாமா? கைப்பேசி வந்தபிறகு அதுவும் சுலபமாகிவிட்டது. பிரசங்கத்தை அப்படியே பதிவு செய்து, பொறுமை பற்றியதை மருமகளுக்கும், பேராசை பற்றியதைப் பல் டாக்டருக்கும், ‘இதைக் கேட்டவுடன் உங்கள் ஞாபகம் வந்தது’ என்ற ஒரு வரியோடு அனுப்பிவிடுவார். அவர்கள் கூப்பிய கைப் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புவார்கள். மருந்து வேலை செய்கிறது என்று இவருக்குச் சந்தோஷம்.

பெரிய வெள்ளியன்று, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பிரசங்கம். ஏழு விலாசம் எழுத வேண்டிய நாள். முதல் வார்த்தையே மன்னிப்பைப் பற்றியது. முழங்கை கொஞ்சம் தயங்கியது.

“இது எங்கண்ணனுக்கு,” என்றார்.

அண்ணன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அதே ஆலயத்தில் எதிர்ப்பக்க முதல் பெஞ்சில் இருந்தார். பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. தங்கை மகள் கல்யாணத்தில் வேதபாடம் வாசிப்பதற்குக் கடைக்காரர் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தார். நேரம் வந்தபோது, “தம்பிக்குத் தொண்டை கட்டியிருக்கு” என்று அண்ணன் எழுந்து வாசித்துவிட்டார். தொண்டை உண்மையிலேயே கட்டித்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி யார் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது?

இப்போது அண்ணன், தன் மகனோடு போய் இருக்கப் போகிறார். ஈஸ்டர் முடிந்ததும் வெகுதூரம், ஒரேயடியாக. கடைக்காரரின் மனைவி போதகர் வீட்டுக்கே போய்விட்டார்.

“பாஸ்டர், இவர் யார் சொன்னாலும் கேக்க மாட்டார். பிரசங்கம் மட்டும் ஒரு எழுத்து விடாமக் கேப்பார். ஊருக்குப் போறதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கணும். நீங்கதான் ஏதாவது பண்ணணும்.”

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு போதகர் பண்ணினார். “உயிரோடு எழுந்தவர், தன்னை விட்டு ஓடினவர்களைத் தேடிப் போனார். ஏன் ஓடினாய் என்று கேட்கவில்லை. சமாதானம் சொன்னார். நாமோ கூடப்பிறந்தவனுக்கே கதவைப் பூட்டி வைத்திருக்கிறோம்” என்று தூணோரத்தையே பார்த்துச் சொன்னார். அப்புறம் எதிர்ப்பக்க முதல் பெஞ்சைப் பார்த்தார். மறுபடி தூணோரம். சபைக்கே புரிந்துவிட்டது. கடைக்காரர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

“என்னமாப் பேசுறார்!” என்றார் மனைவியிடம். “எங்கண்ணன் காதுல இது விழணுமே!”

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்ததும் பதிவை அண்ணனுக்கு அனுப்பினார். சண்டைக்குப் பிறகு அனுப்பிய முதல் செய்தி. அனுப்பிய கையிலேயே கைப்பேசி ‘டிங்’ என்றது. எதிர் வாசலில் அண்ணன் தன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அதே பிரசங்கம். கீழே, ‘உனக்காகவே பேசியதுபோல் இருந்தது. கேட்டுப் பயன் பெறவும்.’

“திமிரப் பாத்தியா! எனக்கு அனுப்புறார்! எனக்கு!”

“கூப்பிடு தூரத்துலதான நிக்கிறார்? போய் ஒரு வார்த்தை பேசுங்களேன்.”

“முதல்ல அவர் இதக் கேக்கட்டும்.”

எதிர் வாசலில் அண்ணியும் கையை ஆட்டி ஆட்டி, போய்ப் பேசும்படிதான் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே அண்ணன் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு வாரம் தவறாமல் அங்கிருந்து ஒரு பிரசங்கம் வரும், இங்கிருந்து ஒன்று போகும். எதையும் யாரும் திறப்பதில்லை. பெந்தெகொஸ்தே பண்டிகை கழிந்த திங்கட்கிழமை, சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே, கடைக்காரர் மறந்து வைத்துப்போன கைப்பேசியில் மனைவி சும்மா ஒன்றைத் தட்டிவிட்டார். பிரசங்கம் முடிந்தது, ஆசீர்வாதம் முடிந்தது, பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் நிறுத்த மறந்திருந்தார். அண்ணியிடம் பேசும் அவர் குரல் கேட்டது.

“இங்க பாடம் வாசிக்கிறவனுக்கு வாசிக்கவே வரல. எந்தம்பி வாசிச்சா எப்படி இருக்கும் தெரியுமா? அன்னிக்கு நான் எந்திரிச்சிருக்கக் கூடாது.”

மனைவி அதைக் கடைக்கே எடுத்துக்கொண்டு ஓடினார். கடைக்காரர் கேட்டார். “இன்னொரு தடவ போடு,” என்றார். பெயின்ட் டப்பாவைத் திறக்கும் கம்பி கையில் அப்படியே இருந்தது. மனைவியே அண்ணனின் எண்ணை அழுத்திக் கடைக்காரரின் காதில் வைத்தார்.

“அண்ணே,” என்றார் கடைக்காரர். தொண்டை கட்டிக்கொண்டது. கனைத்துக்கொண்டார். “நேத்து எங்க போதகர் பேசினார். அப்படியே உங்களுக்காகவே…”

“எனக்கா? நான் அனுப்பினத நீ கேட்டியா மொதல்ல?”

சண்டைதான். ஆனாலும் பேச்சு. கடை மூடும்வரை நடந்ததாம்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். இதைப் படிக்கப் படிக்க உங்களுக்கும் ஒரு முகம் வந்திருக்குமே? ‘அட, நம்ம ஆள் அச்சு அசல்!’ என்று விரல் இதை அவருக்கு அனுப்பக் கிளம்பியிருக்குமே? தாராளமாக அனுப்புங்கள். அதற்குமுன், அவரிடமிருந்து இது உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.