உகாண்டா மகளுக்கு மஞ்சள் நீராட்டு

"எல்லாம் சரி மாமா. பொண்ணு வயசுக்கு வந்து இன்னியோட எத்தினி நாளு ஆவுது?"

தியாகதுருகத்திலிருந்து மச்சான் அய்யப்பன் போனில் கேட்டபோதுதான் கண்ணாயிரத்துக்குச் சுருக்கென்றது. மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குக் கச்சிராயபாளையத்தில் மண்டபம் சொல்லியாகிவிட்டது. சமையல்காரர் சாமான் பட்டியலே எழுதிக் கொடுத்துவிட்டார். பெண் வயதுக்கு வந்துவிட்டாளா என்று மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை.

"அதான் பதிமூணு முடிஞ்சிபோச்சே மச்சான்."

"வயசு முடிஞ்சா ஆச்சா? ஒம்பதாம் நாளு, பதினோராம் நாளுன்னு ஒரு மொற இருக்குதுல்ல. நான் தாய்மாமன். நாளே தெரியாம சீர்த்தட்ட தூக்கினு வந்தா ஊரு சிரிக்காது?"

"கேட்டுச் சொல்றேன்" என்று கண்ணாயிரம் போனை வைத்தார். கேட்டுச் சொல்வது அத்தனை சுலபமில்லை. பெண் இருப்பது உகாண்டாவில்.

இது ஆறு வருடத்துக் கதை. இதே அய்யப்பன் தன் மகள் தேவிப்ரியாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது, ஆலம் சுற்ற வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அத்தைக்காரி என்ற உரிமையோடு கண்ணாயிரத்தின் மனைவி அம்சவள்ளி எழுந்தாள். தம்பி மனைவி அவள் கையை மெல்லப் பிடித்து, "அண்ணி, பாயசம் அடி புடிக்கிற மாதிரி இருக்குது, கொஞ்சம் பாத்துடுங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் பிள்ளை இல்லாதவளுக்கு அதன் அர்த்தம் புரியாதா? அம்சவள்ளி பின்கட்டுக்குப் போனாள். பாயசம் அடிபிடிக்கவில்லை. அடுப்பிலேயே ஏற்றவில்லை. வெளியே பாட்டு முடிகிறவரை அவள் அந்த வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. ஒருநாள், ஒரே ஒருநாள், கூடம் நிறைய ஆட்கள் பார்க்க, பெண்ணுக்கு அம்மா என்று நிற்க வேண்டும். இங்கேயே ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கலாம் என்றால், "எந்த ஊருப் புள்ளையோ, இன்னா சாதியோ" என்று சொந்தபந்தம் குறுக்கே விழுந்தது. அப்போதுதான் கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ருக்ஷானா, உகாண்டாவில் ஒரு பிள்ளைகள் இல்லத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். இங்கிருந்தபடியே ஒரு பிள்ளைக்குப் படிப்பும் சோறும் கொடுத்து ஆதரிக்கலாம். கடிதம் போடலாம், சாமான் அனுப்பலாம். உகாண்டாவில் என்ன சாதி என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

"பொம்பளப் புள்ளதான் வேணும்னு எழுது ருக்ஷானா" என்று அம்சவள்ளி சொன்னாள். அப்படியே எழுதினாள். இல்லத்திலிருந்து ஒரு படம் வந்தது. ஏழு வயது, நீலச் சுவெட்டர், மொட்டைத் தலை, பெயர் ஒகெல்லோ.

"பாவம், ஏதோ வேண்டுதலுக்கு மொட்ட போட்டிருக்காங்க" என்று அம்சவள்ளி படத்தைத் தடவிக்கொடுத்தாள். தனக்கு மகள் பிறந்தால் வைக்கவென்று எடுத்து வைத்திருந்த பெயரை அன்றே வைத்துவிட்டாள். செந்தமிழ்ச்செல்வி.

வருடத்துக்கு ஒரு பட்டுப்பாவாடை போகும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு படம் வரும். பாவாடையின் இரு ஓரத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, பல் அத்தனையும் தெரியச் சிரித்தபடி செந்தமிழ்ச்செல்வி நிற்பாள். தலை மட்டும் எப்போதும் மொட்டை.

"இன்னாங்க இது, வருசா வருசமா வேண்டுதலு?"

"அந்த ஊரு சாமி கொஞ்சம் கறார் போலக்குது" என்பார் கண்ணாயிரம். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்குமே முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியாது.

கடைசியாக வந்த படத்தைத்தான் பெண்ணுக்குப் பதில் மணையில் வைத்துச் சடங்கு செய்வதாக ஏற்பாடு. பேனருக்கும் அதையே கொடுத்திருந்தார்கள். பேனர் அடிக்கும் பகலவன் கெட்டிக்காரன். மொட்டைத் தலைக்கு இடுப்பு வரை சடை வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, நெற்றிச்சுட்டியும் மாட்டியிருந்தான்.

"கலர கொஞ்சம் ஏத்தட்டுமாக்கா? எல்லாரும் ஏத்தச் சொல்வாங்க."

"எம் பொண்ணு கலருக்கு இன்னா கொறச்சல்? அதுல கைய வெக்காத" என்று அம்சவள்ளி சீறிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் கண்ணாயிரம் ருக்ஷானாவின் கடை வாசலில் போய் நின்றார்.

"ஒரு விசயம் கேட்டு எழுதணும்மா. அந்தப் பொண்ணு வந்து... பெரிய..."

"பெரிய ஸ்கூலுக்கு மாத்துறாங்களாண்ணே?"

"அதில்ல. பெரிய மனுசி..." அதற்குமேல் அவருக்கு நாக்கு புரளவில்லை.

ருக்ஷானா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நான் எழுதிக்கறேன். நீங்க போயி டீ குடிங்க."

மறுநாள் காலையிலேயே பதில் வந்தது. இல்லத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பொறுப்பாளரம்மா எழுதியிருந்தார். ருக்ஷானா அதை இரண்டு தடவை தனக்குள் படித்துவிட்டு, மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தாள்.

"ஒகெல்லோ நல்லா இருக்கான். ஃபுட்பால் டீம்ல கோல்கீப்பரா இருக்கான். ஆனா அவன் பையன். நீங்க கேக்கறது இன்னான்னு எங்களுக்குப் புரியலன்னு எழுதிருக்காங்கண்ணே."

கண்ணாயிரத்துக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. ஆறு வருடம்! ஒரு பையனுக்குப் பாவாடையைக் கட்டி நிறுத்தி, பிள்ளைக்கு ஏங்கிய ஒருத்தியை ஏமாற்றியிருக்கிறார்கள்.

"எழுதும்மா. நீங்க மோசக்காரங்க. நாங்க கேட்டது பொண்ணு. இந்தப் பையன் எங்களுக்கு வேணாம். இனிமே கடுதாசியும் வேணாம், போட்டோவும் வேணாம். எழுதிட்டியா?"

"அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமேண்ணே?"

"அவ சொல்ற மாதிரியே எழுது. கீழ அவ பேரப் போடு. அவகிட்ட மட்டும் மூச்சு வுட்டுடாத."

ருக்ஷானா மனசில்லாமல் அனுப்பினாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கண்ணாயிரம் யோசித்தார். உண்மையைச் சொன்னால் அம்சவள்ளி உடைந்துபோவாள். ஊர் அறிந்தால் இன்னும் மோசம். ஆம்பளைப் பிள்ளைக்கு மஞ்சள் நீர் ஊற்றக் கிளம்பியவள் என்று சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். விழாவைத் தள்ளிப்போட்டால் போதும், மெல்ல மறந்துவிடுவார்கள் என்று தோன்றியது.

"பொண்ணுக்குக் காய்ச்சலாம். விசேசத்த அடுத்த மாசம் வெச்சிக்கலாம்" என்றார்.

அம்சவள்ளி தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடிவைத்தாள். "எத்தினி நாளா காய்ச்சலு? போன் போடுங்க. நான் பேசறேன்."

"பேச முடியாது. ஆஸ்பத்திரில இருக்குது."

காய்ச்சல் ஒரே வாக்கியத்தில் ஆஸ்பத்திரி வரை போய்விட்டதைக் கண்ணாயிரமே எதிர்பார்க்கவில்லை. அன்று ராத்திரியும் மறுநாளும் அம்சவள்ளி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சேதி கேட்ட அய்யப்பன் போன் போட்டு ஆறுதல் சொன்னான். "பயப்படாதக்கா. மலக்காய்ச்சலாத்தான் இருக்கும். நம்ம கல்வராயன் மலையிலயும் அந்தக் காலத்துல இருந்துதாம். இன்னா, உகாண்டாவுல மல கொஞ்சம் ஜாஸ்தி."

புதன்கிழமை மத்தியானம் கண்ணாயிரம் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது ருக்ஷானாவிடமிருந்து போன்.

"அண்ணே, அக்கா கடையில வந்து உக்காந்துகினு இருக்காங்க. ஆதார் கார்டு, ரேஷன் கார்டு எல்லாம் எடுத்தாந்திருக்காங்க. பாஸ்போர்ட்டு எடுக்கணுமாம். எனக்குப் பொய் சொல்ல வராதுண்ணே, சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

மடை திறந்தது திறந்தபடி கிடக்க, கண்ணாயிரம் வரப்பில் ஏறி மச்சானைப் பிடித்தார். "ஒங்க அக்கா உகாண்டா போறாளாம். நீ சொன்னாத்தான் கேப்பா. தடுத்து நிறுத்து."

"எதுக்குத் தடுக்கணும்? நானும் போறேன் மாமா. மருமவ ஆஸ்பத்திரில கெடக்கும்போது தாய்மாமன் வூட்ல குந்திக்கினு இருக்கறதா? ரெண்டு பாஸ்போர்ட்டா எடுக்கச் சொல்லு."

"யாரும் போவ வேணாம்."

"ஏன் மாமா?"

"செத்துப்போச்சு."

சொன்ன பிறகு அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அடுத்த நிமிடமே, இதுவும் நல்லதுக்குத்தான் என்று மனது சமாதானம் சொன்னது. செத்துப்போனது என்றால் அழுவாள், பத்து நாளில் தேறிவிடுவாள். பையன் என்றால் ஆயுசுக்கும் தலைகுனிவு. இதை அவளிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தவருக்கு அந்தச் சிரமமும் இருக்கவில்லை. அவர் வருவதற்குள், கடையிலிருந்து வீடு திரும்பியவளுக்கு அய்யப்பன் போன் போட்டுவிட்டான். தெருமுனைக்கே அம்சவள்ளியின் அழுகை கேட்டது.

விடிந்தபோது தெருமுனையில் பேனர் நின்றது. பகலவன் இளகிய மனசுக்காரன். விழாவுக்கு அடித்ததையே எடுத்து, சடை, மல்லிகை, நெற்றிச்சுட்டி எதையும் தொடாமல், மேலே மட்டும் 'கண்ணீர் அஞ்சலி' என்று மாற்றியிருந்தான். தியாகதுருகத்திலிருந்து ஒரு வேன் நிறைய சனம் வந்து இறங்கியது. சீர்த்தட்டோடு வரவேண்டிய அய்யப்பன் மாலையோடு வந்தான். உடம்பு எங்கே என்று கேட்டவர்களுக்குக் கண்ணாயிரம் பதில் சொல்லி மாளவில்லை.

"கொள்ளி யாரு வெச்சது?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"அங்கயே... கவர்மெண்டுல வெச்சிட்டாங்க."

"பதினாறாம் நாளு காரியத்துக்கு நீ தல மொட்ட போடணும். அதையும் கவர்மெண்டு போடாது."

கண்ணாயிரம் தலையை ஆட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கூடம் நிறையப் பெண்கள். நடுவில் அம்சவள்ளி. அன்றைக்குப் பாயசம் பார்க்க அனுப்பிய அதே தம்பி மனைவி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினாள்.

"பெத்தவளே! ஒன் வயிறு எப்டி எரியுதோ, பெத்தவளே!"

அவளை யாரும் இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூடம் நிறைய ஆட்கள் பார்க்க, அம்சவள்ளி அம்மாவாக உட்கார்ந்திருந்தாள். அவள் ஆசைப்பட்டது இதைத்தான், ஆனால் இப்படி இல்லை. வாழ்நாளில் தான் செய்ததிலேயே பெரிய பாவம் இதுதான் என்று கண்ணாயிரத்துக்கு அப்போது தெரிந்துவிட்டது. போய்ச் சொல்லிவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தார். அத்தனை பேரைப் பார்த்ததும் கால் பின்வாங்கியது.

அந்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ருக்ஷானா மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"இன்னாண்ணே அந்த பேனரு? யாரு செத்தது? இப்பத்தானே அங்கேர்ந்து மெயில் வந்துது! புள்ள நல்லாத்தான் இருக்கு!"

ஒப்பாரி சட்டென்று நின்றது. எல்லோரும் கண்ணாயிரத்தைப் பார்த்தார்கள். அம்சவள்ளி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள்.

"இன்னாங்க சொல்றா அவ?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, சாவு இல்லை என்று கண்ணாயிரம் ஒவ்வொன்றாகச் சொன்னார். "அது பொண்ணே இல்ல அம்சா. பையன். ஆறு வருசமா பாவாட கட்டிவுட்டு நம்மள ஏமாத்திருக்காங்க. ஊரு ஒன்னப் பாத்து சிரிக்கக் கூடாதுன்னுதான்..."

ஒரு மூலையில் யாரோ சிரிக்கவே செய்தார்கள். வேனில் வந்த ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அம்சவள்ளி அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

"பையன்னா?"

"பையன்தான்."

"அதுக்கோசரம் புள்ளைய சாவடிச்சியா நீ?"

கட்டிய நாளிலிருந்து ஒருமையில் பேசியறியாதவள் பேசிவிட்டாள். கண்ணாயிரம் தரையைப் பார்த்தார். இன்னொன்று பாக்கி இருந்தது. அதையும் சொல்லிவிட்டார்.

"நீ எழுதற மாதிரியே, அந்தப் பையன் வேணாம்னு எழுதிப்போட்டுட்டேன்."

"நான் வேணாம்னனா?" அம்சவள்ளியின் குரல் உடைந்தது. "தூக்கி வளக்கல, பாலு குடுக்கல. புள்ளன்னு நெனச்சிக்கினு இருந்தேன், அவ்ளோதான். அதுல பொண்ணு இன்னா, பையன் இன்னா? என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கண்ணாயிரத்திடம் இருந்த கோபமெல்லாம் அந்த உகாண்டாக்காரர்கள் மேல்தான் மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஏமாத்துனவங்கள வுட்டுட்டு என்ன கேளு! இன்னா எழுதிருக்காங்க ருக்ஷானா? பையனுக்குப் பாவாட கட்டி மோசம் பண்ணது யாருன்னு சொல்றாங்களா, இல்லையா?"

ருக்ஷானா போனைப் பார்க்காமல் அம்சவள்ளியைப் பார்த்தாள்.

"யாரும் கட்டிவுடலக்கா. மொதப் பாவாட வந்தப்பவே, பையன்னு தெரிஞ்சா வேணாம்னு எழுதிடுவீங்கன்னு பயந்துகினு, அவனேதான் கட்டிக்கினானாம்."